வன்னியிலிருந்து வெளிநாடு போய்வருதல்: பயணம் நம்மை எப்படி மாற்றுகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். விசா எடுக்கும் வழிகளை விட, போய்வந்தவருக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இதில் அதிகம் இருக்கிறது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வன்னிச் சனம் உயிரைக் காக்க ஓடியிருக்கிறது, உழைக்கக் கடல் கடந்திருக்கிறது. தானாக விரும்பிப் போய், ஆறுதலாகப் பார்த்து, வீடு திரும்புகிற பயணம்தான் நமக்கு அரிதாகக் கிடைத்தது. அது நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும்.

நாங்கள் பட்ட இடப்பெயர்வு போதாதா? இன்னும் என்ன பயணம்?

இதை அநேகமாக அம்மாமார்தான் கேட்பார்கள். கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். 2008 கடைசியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து நகர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். அது 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. இவ்வளவும் கடந்தவரிடம் போய் "பயணம் மனதை விரிக்கும்" என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்.

ஆனாலும் இரண்டும் வேறு. இடம்பெயர்கிறவருக்கு எதை எடுப்பது, எதை விடுவது, கடைக்குட்டியை யார் தூக்குவது, அடுத்த பங்கர் எங்கே என்பதிலேயே மனம் நிற்கும். எத்தனை ஊர் கடந்தாலும் ஒரு ஊரையும் பார்த்திருக்க மாட்டார். தன்னைப் பற்றி யோசிக்க உயிர்ப்பயம் இல்லாத நேரம் வேண்டும், திரும்பிப் போக வீடு இருக்கிறது என்ற நிச்சயமும் வேண்டும். ஓடுகிறவருக்கு இரண்டும் கிடையாது.

தமிழ்நாட்டுக்குக் கோயில் பார்க்கப் போய்வந்த புதுக்குடியிருப்பு அம்மா ஒருவர் சொன்னது இது. திருச்சியில் ரயில் ஏறியதும் வழக்கம்போலப் பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாராம். பக்கத்தில் இருந்த பெண் "மேலே வைங்கம்மா, யாரும் எடுக்க மாட்டாங்க" என்று சொல்ல, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மேலே வைத்தாராம். "அதுக்குப் பிறகுதான் யன்னலால வெளியில பார்த்தனான்" என்றார். அத்தனை வருடமாகத் தான் எப்படி உட்கார்ந்திருந்தோம் என்பதை அந்த ரயிலில்தான் அவர் கண்டுகொண்டார். நான் சொல்ல வருகிற மாற்றம் இப்படித்தான் இருக்கும், சின்னதாக.

வெளிநாடு போனால் ஆள் மாறுவது உண்மைதானா? ஆராய்ச்சி ஏதும் இருக்கிறதா?

இருக்கிறது. ஹாஜோ ஆடம் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2018 இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு முக்கியமானதாகப் படுகிறது. ஆறு ஆய்வுகள், மொத்தம் 1,874 பேர். வெளிநாட்டில் வாழ்ந்தவர்களுக்குத் "நான் யார், எனக்கு எது முக்கியம்" என்பதில் தெளிவு கூடியிருந்தது. வேறொரு பழக்கத்துக்கு நடுவில் வாழும்போது, "இது நானாக நம்புகிறதா, ஊரில் எல்லாரும் செய்வதால் நானும் செய்கிறதா" என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது, அதுதான் காரணம் என்கிறார்கள். எத்தனை நாடு பார்த்தார் என்பது அந்தத் தெளிவைத் தரவில்லை. எவ்வளவு காலம் இருந்தார் என்பதுதான் தந்தது. ஆய்வில் மேலாண்மை படிக்கிற மாணவர்கள் கணிசமாக இருந்தார்கள், ஆகவே அதை அப்படியே நம் விவசாயிக்கும் மீன்பிடிக்கிறவருக்கும் பொருத்த வேண்டாம். ஆனால் அந்தக் கேள்வி எழுவதை நம் ஆட்களிடமும் கண்டிருக்கிறேன்.

இதன் மறுபக்கமும் தெரிந்திருப்பது நல்லது. 2017 இல் ஜாக்சன் லூ என்பவரும் மற்றவர்களும் செய்த ஆய்வில், பல நாடுகளை அனுபவித்தவர்கள் "சரி பிழை எல்லாம் இடத்துக்கு இடம் மாறும்தானே" என்று எண்ணத் தொடங்கி, சின்னச் சின்ன ஏமாற்றுகளுக்குத் துணிவதும் தெரியவந்தது. பயணம் தானாகவே நல்லவராக்கிவிடும் என்று நம்பிப் பிள்ளையை அனுப்பாதீர்கள்.

அப்படியானால் ஒரு கிழமை போய்வருவதில் பலன் இல்லையா?

இருக்கிறது, ஓடித் திரியாவிட்டால். ஐந்து நாளில் மூன்று நாடு காட்டுகிறோம் என்கிற சுற்றுலாவில் பஸ்ஸும் ஹோட்டலும்தான் ஞாபகத்தில் நிற்கும். ஒரே ஊரில் தங்குங்கள். ஒரே தேநீர்க் கடைக்குத் தினமும் போங்கள். மூன்றாம் நாள் கடைக்காரர் உங்களோடு கதைக்கத் தொடங்குவார்.

முதல் பயணத்துக்கு எந்த நாடு?

பெரும்பாலானவர்களுக்கு இந்தியா, அதிலும் தமிழ்நாடு. தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போய்வந்த கதையை நம் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். போர் தொடங்கிய 1980களில் அது நின்றது. இப்போது வேறு வழிகள் உண்டு. யாழ்ப்பாணத்துப் பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது, அங்கிருந்து சென்னை ஒன்றேகால் மணி நேரப் பறப்பு அளவுதான். காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் கப்பல் தொடங்கியது, மழைக்காலத்தில் நிறுத்துவார்கள். கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை இரவிரவாக பஸ்ஸில் போகத் தேவையில்லாமல் ஒரு வெளிநாட்டைப் பார்க்கலாம் என்பது வன்னிக்குப் பெரிய விஷயம்.

தமிழ்நாட்டை நான் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. மொழி ஒன்று, சாமி ஒன்று, பாட்டு ஒன்று. ஆகவே வீட்டுக்குப் போவதாக நினைத்துத்தான் போவோம். போனதும் "நீங்க கேரளாவா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி சிலரை நோகச் செய்கிறது, சிலரைச் சிரிக்கச் செய்கிறது. ஆனால் எல்லாரையும் யோசிக்க வைக்கிறது. தமிழர் என்பதற்குள் இத்தனை விதம் இருக்கிறதா, நான் இதில் எந்த விதம், என்ற யோசனை தமிழ் தெரியாத நாட்டில் இவ்வளவு கூர்மையாக வராது.

முரசுமோட்டைப் பக்கத்துக் கமக்காரர் ஒருவர் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்க்கப் போனார். கோயிலை விட அவர் மனதில் நின்றது வயல்கள். வழக்கமாக ஜூன் 12 இல் மேட்டூர் அணையைத் திறப்பார்கள், அதைப் பார்த்துத்தான் குறுவை நெல் விதைப்பு. இந்த முறை தண்ணீர் வருமா, எவ்வளவு வரும் என்று அங்கே தேநீர்க் கடையில் சத்தமாக வாதாடிக்கொண்டிருந்தார்களாம். நம் கிளிநொச்சி இரணைமடுக் குளமும் அப்படித்தானே? கனகராயன் ஆறு கொண்டுவருகிற தண்ணீரை வைத்துச் சிறுபோகத்துக்கு யாருக்கு எத்தனை ஏக்கர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். "நான் இத்தனை வருசமும் அந்தக் கூட்டத்தில் பின்வாங்கில இருந்து கையெழுத்துப் போட்டிட்டு வந்திருக்கிறன்" என்றார் அவர். அடுத்த கூட்டத்தில் எழும்பிக் கதைத்தார். கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் முன்வாங்கில்தான் இருக்கிறார்.

இதெல்லாம் காசுள்ளவர்களுக்குத்தானே?

காசு வேண்டும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கடன் வாங்கிப் போகாதீர்கள். நுண்கடன் நம் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று கிராமத்துக்குக் கிராமம் தெரியும். காணி உறுதியை ஈடுவைத்தோ, கறவை மாட்டை விற்றோ பயணம் போகிறவருக்கு அங்கே நிம்மதியாக ஒரு தேநீர் கூடக் குடிக்க முடியாது. சீட்டுப் போட்டு ஒரு வருடம் சேர்த்துப் போகலாம். கோயில் குழு, தேவாலயக் குழு, மாதர் சங்கம் என்று சேர்ந்து போனால் செலவு குறையும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு வேறு கதவுகள் உண்டு. இந்திய அரசின் ஐசிசிஆர், ஜப்பானின் மெக்ஸ்ட், பிரித்தானியா வழங்கும் பொதுநலவாயப் புலமைப்பரிசில், அமெரிக்காவின் ஃபுல்பிரைட், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் எல்லாம் இலங்கைப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கக்கூடிய புலமைப்பரிசில்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், அறிவியல் நகரில் இருக்கிற விவசாய, பொறியியல் பீடங்களிலும் படிக்கிறவர்கள் முதல் வருடத்திலேயே இவற்றைத் தேடத் தொடங்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குத் திறமை குறைவில்லை. இறுதித் திகதி போன பிறகுதான் தகவல் வந்து சேர்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

கடவுச்சீட்டுக்குக் குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் வவுனியாவிலேயே இருக்கிறது. போரில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் பயணத்தைத் தீர்மானிக்கும் முன்பே பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

வெளிநாட்டில் "எந்த ஊர்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

இந்தக் கேள்விக்காகவே நான் பிள்ளைகளைப் போகச் சொல்கிறேன்.

"ஸ்ரீலங்கா" என்று சொன்னால் பாதிப் பேர் "ஆ, அழகான கடற்கரை!" என்பார்கள். அவர்கள் சொல்கிற கடற்கரையை நம் பிள்ளை கண்டிருக்காது. அது கண்ட கடற்கரை வேறு. செய்தி பார்த்தவர்களாக இருந்தால் குரலைத் தாழ்த்தி, "போரின்போது அங்கேயா இருந்தீர்கள்?" என்பார்கள். ஒரு பக்கம் சுற்றுலா விளம்பரம், மறுபக்கம் அனுதாபம். இரண்டுக்கும் நடுவில் நின்று நம்மைப் பற்றி நாமே ஒரு வசனம் சொல்ல வேண்டும்.

வன்னியில் வளர்ந்த ஒருவருக்கு இது எவ்வளவு புதிது என்று யோசித்துப் பாருங்கள். நிவாரணப் படிவம், வீட்டுத்திட்டப் படிவம், நிறுவனங்களின் கேள்விக்கொத்து, ஆணைக்குழுக்களின் விசாரணை எல்லாவற்றிலும் நாம் இழந்ததைத்தான் கேட்டார்கள். எத்தனை பேரை இழந்தீர்கள், எவ்வளவு காணி போனது, எந்தத் திகதி. கேட்க வேண்டிய கேள்விகள்தான், பதில் சொல்ல வேண்டியவைதான். நீதி கிடைக்கும் வரை சொல்லிக்கொண்டே இருக்கவும் வேண்டும். ஆனால் அப்படியே சொல்லிச் சொல்லி, "பாதிக்கப்பட்டவர்" என்பது மட்டுமே நம் பெயர் போல ஆகிவிட்டது. தெரியாத ஊரில், பக்கத்து இருக்கையில் இருக்கிற ஒருவர் எந்தப் படிவமும் இல்லாமல் கேட்கும்போது, முதல் தடவையாக நாமே தெரிவு செய்து சொல்லலாம்.

படிக்கப் போன ஒரு பிள்ளை என்ன சொன்னாள் தெரியுமா? பாலைப்பழக் காலத்தில் காட்டுக்குப் போய் வாய் ஒட்ட ஒட்டச் சாப்பிட்டதையும், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு விடியும்வரை நித்திரை முழித்ததையும் சொன்னாளாம். போரைப் பற்றி அன்று சொல்லவில்லை. மாதங்கள் கழித்து, நம்பிக்கை வந்த ஒரு தோழியிடம் தானாகவே சொன்னாள். "எப்ப சொல்லுறது, ஆருக்குச் சொல்லுறது எண்டதை நான்தான் முடிவெடுத்தன், சேர்" என்றாள். இதைவிடப் பெரிய வளர்ச்சியை நான் கேட்க மாட்டேன்.

சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாதீர்கள். அதற்கு மன்னிப்பும் கேட்க வேண்டாம்.

கனடாவிலும் லண்டனிலும் சொந்தக்காரர் வீட்டில் போய் நிற்பது பயணம் ஆகுமா?

பலர் இதைக் குறைவாகச் சொல்வார்கள்: ஸ்காபரோவில் நின்று தமிழ்க் கடை, தமிழ்க் கோயில், சாமத்தியவீடு என்று திரிந்தால் என்ன நாடு பார்த்தாய் என்று. நான் அப்படி நினைக்கவில்லை.

நம் வீடுகளுக்கு எத்தனையோ வருடம் காசு வந்தது. பள்ளிக்கூடக் காசு, மருந்துக் காசு, வீட்டுக்குக் கூரை போட்ட காசு. அந்தக் காசை அனுப்பிய சித்தப்பா விடிய நாலு மணிக்கு எழும்பிப் பனிக்குள் பஸ்ஸுக்கு நிற்பதை நேரில் பார்க்கும்வரை அது எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. "ஏன் இவ்வளவுதான் அனுப்பினவர்" என்று வீட்டில் பேசியது அப்போது ஞாபகம் வரும். இரண்டு வேலை செய்து, சித்தியோடு ஒன்றாக இருந்து சாப்பிட நேரமில்லாமல் வாழ்கிற அந்த வீட்டில் ஒரு மாதம் நின்றால் கடமை, நன்றி, பொறாமை என்று பலதையும் திரும்ப யோசிக்க வேண்டிவரும். அங்கே பிறந்த பிள்ளைகள் நம் தமிழைக் கேட்டு விழிப்பார்கள், நாம் அவர்களின் ஆங்கிலத்தைக் கேட்டு விழிப்போம். அதிலும் யோசிக்க நிறைய உண்டு.

நிற்கிற நாட்களில் கொஞ்ச நாளையாவது தனியே பஸ் ஏறி ஊரைச் சுற்றிப் பாருங்கள். சமையலிலும் உதவுங்கள்.

மகளைத் தனியே அனுப்பலாமா?

அனுப்பலாம். போரில் கணவனை இழந்து, தனியே நின்று காணி துப்புரவாக்கி, வீடு கட்டி, பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மார் உள்ள மண் இது. அவர்களின் மகள்மாரால் ஒரு விமான நிலையத்தைக் கடக்க முடியாதா? பெரும்பாலும் தடையாக இருப்பது "ஊர் என்ன சொல்லும்" என்பதுதான். ஊர் கொஞ்ச நாள் சொல்லும். தங்குமிட முகவரி, அந்த நாட்டில் உள்ள இலங்கைத் தூதரக இலக்கம், கடவுச்சீட்டின் பிரதி, தினமும் கதைக்கிற நேரம் இவை வீட்டில் இருக்கட்டும். பெடியன் போனாலும் இதே ஏற்பாடுதான்.

போன இடத்தில் பயமும் அழுகையும் வந்தால்?

வரும். கலர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1960 இலேயே இதைக் கலாசார அதிர்ச்சி என்று விளக்கி எழுதினார்: முதலில் எல்லாம் அழகு, பிறகு எல்லாம் எரிச்சல், அப்புறம் மெல்ல மெல்லப் பழக்கம். எரிச்சல் கட்டத்தில் திரும்பி ஓடிவர நினைக்காமல் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

வன்னிப் பிள்ளைகளுக்கு இதற்கு மேலும் ஒன்று உண்டு. புதுவருட இரவு வாணவேடிக்கை வெடிக்கும்போது, தாழப் பறக்கிற ஹெலிகொப்டரைக் கேட்கும்போது உடம்பு தானாகவே குனியும், நெஞ்சு படபடக்கும். இது பைத்தியமும் இல்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. கூட இருக்கிற ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நித்திரை இல்லாமல் கிழமைக்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். இலங்கைக்குள் என்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

போரைக் கண்ட வேறு ஊர்களைப் பார்க்கப் போகலாமா?

போகலாம், ஆனால் முதல் பயணத்தில் வேண்டாம், தனியாகவும் வேண்டாம். 1945 ஆகஸ்ட் 6 இல் அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில், இடிந்த ஒரு கட்டடத்தை இடிந்தபடியே காத்து வைத்திருக்கிறார்கள்; 1996 இல் அது உலக மரபுரிமைச் சின்னமானது. கம்போடியாவில், பள்ளிக்கூடமாக இருந்து கெமர் ரூஜ் ஆட்சிக் காலத்தில் சிறையாக்கப்பட்ட துவோல் ஸ்லெங் இன்று அருங்காட்சியகம். இவற்றைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஒன்று, "எங்களுக்கு மட்டும் நடக்கவில்லை" என்ற ஆறுதல். மற்றது, "அவர்கள் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள், நாங்கள் என்ன செய்தோம்" என்ற தவிப்பு. இரண்டாவதிலிருந்து ஊரில் இறந்தவர்களின் பெயர்களைச் சேகரிக்கத் தொடங்கிய இளைஞர்களை நான் அறிவேன். அவர்களை மனமார மதிக்கிறேன்.

வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் அளவோடு சொல்ல வேண்டும். வளைகுடாவில் வீட்டு வேலை செய்கிற அக்காவிடம் போய் "நீங்கள் வளர்கிறீர்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் நித்திரைக்கே நேரம் தேடுகிறவர். திரும்பி வந்து, வங்கிக் கணக்கைத் தானே பார்த்து, மகளின் படிப்பைத் தானே முடிவெடுக்கிற துணிவு அவருக்கு வந்திருக்கலாம். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. கொரியாவுக்கு மொழிப் பரீட்சை எழுதிப் போகிற பெடியளுக்கு மொழி தெரிவதால் அந்த நாட்டு மனிதரோடு கொஞ்சமாவது பழக முடிகிறது.

விசிட் விசாவில் போ, வேலை எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒருவர்.

போகாதீர்கள். 1985 இன் 21 ஆம் இலக்கச் சட்டப்படி அமைக்கப்பட்ட வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் வேலைக்குப் போனால், அங்கே ஏதும் நடந்தால் கேட்க ஆளில்லை.

டயரி எழுத வேண்டுமா?

எழுதினால் நல்லது. பார்த்த இடங்களின் பட்டியல் வேண்டாம், அது போனில் படமாக இருக்கும். இன்று எனக்கு எதில் கோபம் வந்தது, எதற்கு வெட்கப்பட்டேன், யாரைப் பார்த்து யார் ஞாபகம் வந்தது என்று இரண்டு வரி போதும். எழுத வராதவர்கள் வீட்டில் ஒருவருக்குக் குரல்பதிவு அனுப்பலாம். உறவுகளுக்கு அனுப்பிய குரல்பதிவுகளையே பிறகு கேட்டுப் பார்த்து வியந்தவர்கள் உண்டு.

திரும்பி வந்த பிறகு ஊர் பிடிக்கவில்லை. என்ன செய்வது?

கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும். பஸ் நேரத்துக்கு வராது, அலுவலகத்தில் நாளைக்கு வா என்பார்கள், கோயிலில் அதே சண்டை. "அங்கே இப்படி இல்லை" என்று வாய்க்கு வாய் சொன்னால் சனம் விலகிப்போகும். அங்கே கண்ட ஒன்றை மட்டும் எடுத்து இங்கே செய்து பாருங்கள். கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்பதாக இருக்கலாம், வீட்டில் ஆண்பிள்ளையும் கோப்பை கழுவுவதாக இருக்கலாம், மற்றவர் பேசி முடிக்கும்வரை பொறுப்பதாகக்கூட இருக்கலாம். ஒரு வருடம் செய்தால் பக்கத்து வீட்டாரும் கவனிப்பார்கள்.

அதோடு அடுத்த பிள்ளைக்கு வழி காட்டுங்கள். புலமைப்பரிசில் படிவத்தில் எங்கே பிழை விடுவோம், நேர்முகத்தில் என்ன கேட்டார்கள், விமான நிலையத்தில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் போய்வந்தவருக்குத்தான் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலையில் இருந்து இதையெல்லாம் நாலு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.